எரிபொருளில் மாசு கலந்து நேரும் ஹெலிகாப்டர் விபத்துகள்: ஒரே விபத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுவது எப்படி?

கேள்வி: மூன்றாமாண்டு மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எரிபொருளில் நீரோ தூசியோ கலந்ததால் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருப்பதால், இரண்டு வாரங்களாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

குழப்பத்தைத் தொடங்கிவைத்தது ஒரே ஒரு விபத்து. 2008 ஆகஸ்ட் 5 அன்று மாலை, கலிஃபோர்னியாவின் வீவர்வில் ஊருக்கு அருகிலுள்ள மலைக்காட்டில், காட்டுத்தீயோடு போராடிக்கொண்டிருந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சிகோர்ஸ்கி எஸ்-61என் ஹெலிகாப்டர் ஒன்று, மேலெழுந்த சிறிது நேரத்திலேயே மரங்களில் மோதி விழுந்து தீப்பிடித்தது. அதில் இருந்த 13 பேரில் 9 பேர் இறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 டிசம்பரில் தன் முடிவை அறிவித்தபோது, எஞ்சின்கள் ஒழுங்காகவே ஓடின என்றும், ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடையைவிட அதிக எடையோடு கிளம்பியதே காரணம் என்றும் கூறியது. ஆனால் 2012 மார்ச்சில் போர்ட்லண்ட் நகரில் நடந்த வழக்கில், எஞ்சினின் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி மாசுக்கு ஈடுகொடுக்க முடியாத வடிவமைப்பைக் கொண்டிருந்தது என்ற வாதத்தைக் கேட்ட ஜூரிகள், எஞ்சினைத் தயாரித்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மீது பெரும்பங்குப் பொறுப்பைச் சுமத்தி, சுமார் 7 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னார்கள்.

இதில் எதை நான் நம்புவது? இந்த விபத்தை என் கட்டுரையில் "எரிபொருள் மாசு" என்ற தலைப்பின் கீழ்ச் சேர்க்கலாமா, கூடாதா? சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அவ்வளவு சோதனைகளைத் தாண்டி வருகிற எரிபொருளுக்குள் மாசு எந்த இடத்தில்தான் நுழைகிறது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய ஸ்பேனர்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் 31 ஆண்டுகள் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்த எனக்குத் தெரிந்த பகுதி அதுதான். வழக்கு விவகாரத்தை இங்கே வேறு யாராவது என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முதலில் சொல் ஒன்றைப் பற்றி. நம் செய்தித்தாள்கள் இதை "எரிபொருள் கலப்படம்" என்று எழுதிவிடுகின்றன. கலப்படம் என்றதும் பெட்ரோல் பங்கில் யாரோ மண்ணெண்ணெயை ஊற்றிக் காசு பார்த்தது போன்ற காட்சிதான் மனத்தில் வரும். வானூர்தியில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. (வேடிக்கை என்னவென்றால், டர்பைன் எஞ்சினுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளே மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.) இங்கே வில்லன் அநேகமாக நீர், அதற்கு அடுத்தது துரு, மணல், ரப்பர்க் குழாயின் உள்தோல், வடிகட்டியின் நார் போன்றவை. அதனால் "மாசு" என்றே எழுதுங்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யாமலே அது நடந்துவிடும் என்பது அந்தச் சொல்லில் தெரியும்.

எரிபொருள் ஆலையை விட்டுக் கிளம்பும்போது ஏறத்தாழச் சுத்தமாகவே இருக்கிறது. பெரிய விமான நிலையத்தில் அது தொட்டியில் படியவிடப்பட்டு, நீரைப் பிரிக்கும் வடிகட்டி வழியாக வந்து, விமானத்துக்குள் போகிறது. ஹெலிகாப்டரின் தலையெழுத்து வேறு. கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையிலோ, மலைமுகட்டு முகாமிலோ, காட்டுக்குள் அவசரமாக வெட்டிய திடலிலோதான் அதற்கு எரிபொருள் கிடைக்கும். அங்கே விநியோகக் கட்டமைப்பு என்பது 200 லிட்டர் டிரம்களும் ஒரு கைப்பம்பும்தான். கடைசிப் பத்து அடித் தூரத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

டிரம்மை நிமிர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதன் மேல்தட்டு விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதால் மழைநீர் அங்கே குளம்போலத் தேங்கும்; மூடி அந்தக் குளத்துக்கு அடியில் இருக்கும். பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியாக வெளியேறும். இரவுக் குளிரில் அது சுருங்கும்போது, வெளியே தேங்கிய நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். முத்திரை உடையாத, கம்பெனி மூடி போட்ட டிரம்மிலும் இது நடக்கும். எனவேதான் டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் வரும்படி உருட்டிவைக்கச் சொல்வார்கள். அப்போது மூடிகள் உள்ளிருக்கும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும். டிரம் மூச்சு விட வழியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலைப்பகுதி முகாம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் டேங்கின் அடிவடிகால் குழாயைத் திறந்து கண்ணாடி ஜாடியில் மாதிரி பிடித்தேன். நீர் கலந்திருந்தால் ஜாடியின் அடியில் தனிப்படலமாகவோ குமிழ்களாகவோ தெரியும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். என் ஜாடியில் கோடும் இல்லை, குமிழும் இல்லை, பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. "நன்று" என்று பதிவேட்டில் எழுதப் போனேன். மூத்த டெக்னீஷியன் ஜாடியை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி விரல்களைத் தேய்த்தார். பிசுக்கே இல்லை. ஜாடி முழுக்க நீர். முழுவதும் நீராகவே இருந்தால் பிரிக்கும் கோடு எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகு ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீரை வடித்த பின்தான் மண்ணெண்ணெய் வாடை வந்தது. முந்தைய நாள் மாலை எரிபொருள் எடுத்த டிரம்கள் எல்லாம், இரண்டு வாரமாகப் பெய்த மழையில் நிமிர்ந்து நின்றவை.

இதனால்தான் கண்ணை மட்டும் நம்பாமல் ஷெல் வாட்டர் டிடெக்டர் என்ற சிறு கேப்சூலைப் பயன்படுத்துகிறோம். சிரிஞ்சின் முனையில் அதைப் பொருத்தி எரிபொருளை உறிஞ்சினால், கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கலந்திருக்கும் நீர் பத்து லட்சத்தில் 30 பங்கு அளவை எட்டும்போதே மஞ்சள் நிறம் தெளிவாகப் பச்சையாக மாறிவிடும்.

ஹெலிகாப்டருக்கே உரிய இன்னொரு சிக்கலையும் கட்டுரையில் சேருங்கள். மண்ணெண்ணெயில் நீர் மெதுவாகத்தான் அடியில் இறங்கும். பெட்ரோல் வகை எரிபொருளைவிட அதற்கு நேரம் அதிகம் தேவை. ஆனால் கடல்மேடைகளிலும் தீயணைப்புப் பணிகளிலும், சுழலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை நிரப்பி உடனே கிளம்பிவிடுவார்கள். நீர் படிவதற்கும் நேரம் இல்லை, வடித்துப் பார்ப்பதற்கும் வாய்ப்பு இல்லை. காலையில் வடித்த மாதிரி அன்று மாலை நான்காவது முறையாக நிரப்பிய எண்ணெயைப் பற்றி எதையும் சொல்லாது.

வடிகட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால், அழுத்த வேறுபாட்டால் விமானியின் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கும் மேல் அடைத்தால் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டப்படாத எரிபொருளை நேராக எஞ்சினுக்கு அனுப்பிவிடும். வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறார்கள்: எண்ணெயே இல்லாமல் எஞ்சின் நிற்பதைவிட அழுக்கு எண்ணெயில் சற்று நேரம் ஓடுவது மேல். அந்தச் சற்று நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

பதில் 2: கோப்புப்புழு

முந்தைய பதில் அருமை. நான் வீவர்வில் விபத்தைப் பற்றி எழுதுகிறேன். விசாரணை அறிக்கைகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. அந்த அறிக்கையை இரண்டு முறை படித்திருக்கிறேன்.

அந்த ஹெலிகாப்டர் அன்று மாலை அதே மலைத்திடலிலிருந்து இரண்டு முறை வீரர்களை இறக்கிக்கொண்டு போய்விட்டு, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மூன்றாவது முறையாக வந்தது. எரிபொருள் நிரப்பிய அடுத்த பயணத்திலேயே விழுந்தது என்றால் யாருக்குமே முதலில் எரிபொருள்மீதுதான் சந்தேகம் வரும். விசாரணையாளர்களும் அந்தக் கோணத்தை ஒதுக்கவில்லை. எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே நுண்துகள்கள் இருந்தன. அதாவது மாசு இருந்தது உண்மை. இதை யாரும் மறுக்கவில்லை.

மாசு இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்த மாசு அந்த நொடியில் எஞ்சினின் விசையைக் குறைத்ததா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் உங்களுக்குத் தலை சுற்றுகிறது. இரண்டாவது கேள்விக்கு வாரியம் விடை தேடிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காக்பிட் ஒலிப்பதிவில் பேச்சை மட்டும் கேட்காமல், பின்னணியில் கேட்கும் இரைச்சலை அலைவரிசைவாரியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு எஞ்சினின் சுழற்சிக்கும், கியர்பாக்ஸுக்கும், சுழலிக்கும் தனித்தனியான ஓசை உண்டு. நாதஸ்வரத்தையும் ஒத்தையும் காதால் பிரித்தறிவது போல அவற்றைப் பிரிக்கலாம். அப்படிப் பார்த்தபோது, இரண்டு எஞ்சின்களும் தங்கள் உச்சவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சுழலியின் வேகம் மட்டும் படிப்படியாகச் சரிந்தது. எஞ்சின் முழுமூச்சாக உழைத்தும் சுமை அதைவிட அதிகம் என்பதுதான் அதற்குப் பொருள்.

சுமை ஏன் அதிகமானது? ஹெலிகாப்டரை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்த கார்சன் நிறுவனம், அதன் வெற்று எடையை ஆயிரம் பவுண்டுக்கும் மேல் குறைத்துக் காட்டியிருந்தது. எவ்வளவு தூக்க முடியும் என்று கணக்கிடும் அட்டவணையையும் திருத்தியிருந்தது. விமானிகள் அந்தக் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது தாராளமாக இடம் இருப்பதாகத் தெரிந்தது, உண்மையில் இல்லை. அமெரிக்க வனத்துறையும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சரியாகக் கண்காணிக்கத் தவறியதையும் வாரியம் பட்டியலில் சேர்த்தது. பின்னர் நடந்த குற்ற வழக்கில் அந்நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவருக்கு 2015-இல் 12 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்படியானால் ஜூரிகள் ஏன் வேறு முடிவுக்கு வந்தார்கள்? அமெரிக்கச் சட்டப்படி, வாரியம் ஒரு விபத்துக்குச் சொல்லும் "சாத்தியமான காரணம்" எதையும் இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. வாரியம் திரட்டிய தகவல்களைக் காட்டலாம். அவற்றிலிருந்து அது எடுத்த முடிவைக் காட்ட முடியாது. எனவே ஜூரிகள் வாரியத்தின் தீர்ப்பைக் கேட்டு நிராகரித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் முன்னால் இரு தரப்பு நிபுணர்களும் புதிதாக வாதாடினார்கள். உயிர்பிழைத்த விமானியின் தரப்பு, ஒரு எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு மாசால் சிக்கிக்கொண்டது என்று வாதாடியது. எது கூடுதல் நம்பகமாகத் தெரிந்ததோ அதன் பக்கம் ஜூரிகள் சாய்ந்தார்கள். நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிடும் இடம். விசாரணை வாரியம் அடுத்த விபத்தைத் தடுக்கும் இடம். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஒலிப்பதிவுச் சான்றுக்கு எதிரில் வால்வு வாதம் எனக்கு நிற்கவில்லை.

இருந்தாலும் இந்த விபத்தை உங்கள் கட்டுரையிலிருந்து தூக்கிவிடாதீர்கள். மாசு இந்த விபத்தில் பங்கு வகிக்கவில்லை என்று சொன்ன அதே அறிக்கை, அந்த வகை ஹெலிகாப்டரில் இருந்த 40 மைக்ரான் எரிபொருள் வடிகட்டிக்குப் பதிலாக 10 மைக்ரான் வடிகட்டி போட்டால் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் துகள் போவது வெகுவாகக் குறையும் என்றும் சொன்னது. காரணம் அல்லாத ஒன்றையும் கண்ணில் பட்டபோது சரிசெய்யச் சொல்கிறார்கள். நல்ல விசாரணை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். எரிபொருள் இன்னொரு வகையில் உயிர்களைப் பறித்தது என்பதும் அறிக்கையில் உண்டு: மோதலைத் தாங்கும் டேங்குகள் இல்லாததால் விழுந்தவுடன் எண்ணெய் கொட்டித் தீ மூண்டது, உயிர்ச்சேதம் அதிகமானதற்கு அது ஒரு காரணம்.

பதில் 3: கிளைட் கரை

கிளாஸ்கோவில் இருந்து எழுதுகிறேன். 2013 நவம்பர் 29 இரவு இங்கே காவல்துறையின் ஈசி-135 ஹெலிகாப்டர் கிளதா மதுக்கூடத்தின் கூரையில் விழுந்து 10 பேர் இறந்த விபத்தும் எரிபொருள் மாசால் நேர்ந்ததுதானே? எரிபொருளில் நீர் இருந்ததாக இங்கே பலர் இன்றும் சொல்கிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பதில் 4: கோப்புப்புழு

கிளைட் கரை அவர்களே, மறுப்பதற்கு மன்னிக்கவும். நீரைப் பற்றிய பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் அது எஞ்சினுக்குள் நீர் போன கதையல்ல.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைக் கிளை 2015-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதன்மை டேங்கில் 76 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. ஆனால் அதை எஞ்சின்களுக்கு எரிபொருள் கொடுக்கும் சிறு டேங்குகளுக்கு ஏற்றிவிடும் இரண்டு பம்புகளும் அணைக்கப்பட்டிருந்தன. சிறு டேங்குகள் வற்றியதும் ஒரு எஞ்சின் நின்றது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் மற்றதும் நின்றது. எண்ணெய் குறைகிறது என்ற எச்சரிக்கை ஐந்து முறை ஒலித்து, ஐந்து முறையும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கான பதிவு இருந்தது. இதை எரிபொருள் கிட்டாமை என்பார்கள். எண்ணெய் இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது, எஞ்சினுக்குத்தான் போகவில்லை.

நீர் எங்கே வந்தது என்றால், விபத்து நடந்த இரண்டு வாரத்துக்குள் அதே வகை ஹெலிகாப்டர்களை வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று, எரிபொருள் அளவுமானி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதைக் கண்டுபிடித்துத் தன் ஹெலிகாப்டர்களைத் தற்காலிகமாகப் பறக்கவிடாமல் நிறுத்தியது. டேங்குக்குள் இருக்கும் அளவு உணரியில் நீர் சேர்ந்தால் அப்படித் தவறாகக் காட்டும். ஆகவே அங்கே பேசப்பட்ட நீர், விமானிக்குத் தவறான எண்ணைக் காட்டியிருக்கக்கூடிய நீர். மாணவர் தன் கட்டுரையில் எண்ணெய் தீர்ந்துபோவது, எண்ணெய் இருந்தும் கிட்டாமல் போவது, எண்ணெய் கெட்டுப்போவது என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே பிரித்துவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். 2011 ஆகஸ்டில் மிசூரியின் மோஸ்பியில் நோயாளியோடு விழுந்த மருத்துவ ஹெலிகாப்டர் முதல் வகை. தரையிறங்க வேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைல் முன்பு அதன் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

கேள்வி தொடர்கிறது: மூன்றாமாண்டு மாணவன்

எல்லோருக்கும் நன்றி. பழைய ஸ்பேனர் ஐயாவுக்கு இன்னொரு கேள்வி. ஒரே எஞ்சின் உள்ள ஹெலிகாப்டரில் மாசு வந்தால் ஆபத்து என்பது புரிகிறது. இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் அல்லவா?

பதில் 5: பழைய ஸ்பேனர்

அந்த நம்பிக்கை எந்திரக் கோளாறுக்குப் பொருந்தும் தம்பி, மாசுக்குப் பொருந்தாது. இரண்டு எஞ்சினும் குடிப்பது ஒரே கிணற்றுத் தண்ணீர். கிணற்றில் நஞ்சு விழுந்தால் வீட்டில் இரண்டு குடம் இருந்து என்ன பயன்?

இதற்குத் தெளிவான சான்று பெரிய விமானங்களில்தான் கிடைக்கிறது. ஏனென்றால் அவற்றில் பதிவுக்கருவிகள் அதிகம், பெரும்பாலும் எல்லோரும் பிழைத்துவந்து சாட்சி சொல்கிறார்கள். 2010 ஏப்ரல் 13 அன்று சுரபாயாவிலிருந்து ஹாங்காங்குக்குப் போன கத்தே பசிபிக் ஏர்பஸ் ஏ330-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுரபாயா விமான நிலையத்தில் தரைக்கடியில் போகும் எரிபொருள் குழாய்களுக்குள், விரிவாக்கப் பணி நடந்த சமயத்தில் உப்புநீர் புகுந்திருந்தது. அங்கே இருந்த வடிகட்டிகள் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பாலிமர் கொண்டவை. உப்புநீர் பட்டதும் அந்தப் பாலிமரே நுண்ணிய உருண்டைகளாகக் கழன்று எரிபொருளோடு கலந்து, இரண்டு எஞ்சின்களிலும் எரிபொருளை அளந்துவிடும் வால்வுகளில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு எஞ்சின் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேலான வேகத்தில் சிக்கிக் குறையவே மறுத்தது; மற்றது ஏறவே மறுத்தது. வழக்கத்தைவிட மிக அதிகமான 230 நாட் வேகத்தில் தரையைத் தொட்டார்கள். வடிகட்ட வைத்த பொருளே மாசாக மாறியது. பிறகு அந்த வகை வடிகட்டியையே கைவிடுவது என்று விமான எரிபொருள் துறை முடிவெடுத்தது.

2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ321 ஒன்றின் கதையும் இதே குணம். நீரும் மண்ணெண்ணெயும் சந்திக்கும் இடத்தில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை பாசிபோல வளர்ந்து கருஞ்சேறாகப் படியும். டேங்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருவருப்பு தெரியும். அதைக் கொல்லும் மருந்தை அந்த விமானத்தில் பரிந்துரைத்த அளவைப்போல 38 மடங்கு ஊற்றிவிட்டார்கள். அதன் பிறகு பறக்கும்போது இரண்டு எஞ்சினும் தடுமாறின. மில்லியில் போட வேண்டிய கணக்கை எங்கோ பிசகிப் போட்டால் மருந்தும் மாசுதான். அமெரிக்காவில் 2017-இல் ஒமாஹாவிலும் 2018-இல் ஃபுளோரிடாவின் புன்டா கோர்டாவிலும், எரிபொருள் உறையாமல் இருக்கச் சேர்க்கும் திரவத்துக்குப் பதிலாக, டீசல் லாரிகளின் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலை ஊற்றிவிட்டார்கள். இரண்டும் நிறமற்ற திரவங்கள். அது ஜெட் எரிபொருளில் உப்புக்கல்போலப் படிந்து வடிகட்டிகளை அடைத்தது.

ஆலையிலேயே கெட்டுப்போகாது என்று நான் முன்பு சொன்னதற்கு ஒரு விதிவிலக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 1999 கடைசியில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் அருகிலுள்ள ஆல்டோனா ஆலையிலிருந்து வந்த பிஸ்டன் எஞ்சின் எரிபொருளில் எத்திலீன்டையமின் என்ற வேதிப்பொருள் மிச்சம் இருந்துவிட்டது. அது எரிபொருள் அமைப்பின் பித்தளைப் பாகங்களோடு வினைபுரிந்து கருநிறப் பிசினாகப் படிந்தது. 2000 ஜனவரியில் ஆயிரக்கணக்கான சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தரையில் நின்றுவிட்டன. மாட்டு மந்தையை ஹெலிகாப்டரில் ஓட்டும் நாடு அது. வேலை எவ்வளவு முடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லைப்போல விழுவதில்லை என்பதையும் எழுதுங்கள். சுழலி இறக்கைகளின் சாய்வை ஒருசேர மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை உடனே இறக்கினால், கீழிருந்து மேலே பாயும் காற்றே சுழலியைச் சுற்றவைக்கும். அந்தச் சுழற்சியின் வேகத்தைத் தரைக்கு அருகில் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஆனால் ராபின்சன் ஆர்-22 போன்ற எடை குறைந்த சுழலி கொண்டவற்றில் நெம்புகோலை இறக்க ஓரிரு நொடிதான் அவகாசம். தாழ்வாக, மெதுவாக, மின்கம்பிக்கோ மரத்துக்கோ மேலே நின்று வேலை செய்யும்போது அந்த வித்தைக்கும் இடமில்லை. மாசால் நிற்கும் எஞ்சின் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. டேங்கின் அடியில் கிடக்கும் நீர், ஹெலிகாப்டர் மூக்கைச் சாய்த்து வேகமெடுக்கும் அந்த நேரத்தில்தான் உறிஞ்சுகுழாயின் வாய்க்கு வந்து சேரும்.

பதில் 6: கோப்புப்புழு

ஐயா, உங்கள் மலைமுகாம் ஜாடிக் கதையில் ஒரு சந்தேகம். அந்த நீரை நீங்கள் என்ன செய்தீர்கள்? விபத்து விசாரணையில் முதல் வேலையே எரிபொருள் கொடுத்த டிரம்மையோ லாரியையோ பூட்டி முத்திரை வைத்து, அதிலிருந்தும் டேங்கிலிருந்தும் மாதிரி எடுத்துத் தேதி எழுதிவைப்பதுதான். விழுந்து எரிந்த ஹெலிகாப்டரில் எரிபொருளும் எரிந்துவிடும். ஆவியான நீரை எந்த ஆய்வகமும் காட்டித்தராது. ஆகவே எண்ணெய் கொடுத்த இடத்தில் எஞ்சியிருப்பதுதான் ஒரே சாட்சி.

பதில் 7: பழைய ஸ்பேனர்

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அந்த ஒன்றரை லிட்டரையும் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் கொட்டிவிட்டோம். அன்று பறப்பதுதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து, டிரம் கொடுத்தவரிடம் இதை எழுதிக் கேட்டபோது, தங்கள் டிரம்களில் குறை எதுவும் இருந்ததில்லை என்று பதில் வந்தது. எங்கள் கையில் காட்டுவதற்கு ஒரு சொட்டுகூட இல்லை. அதன் பிறகு நான் இருந்த எந்த முகாமிலும், சந்தேகமான மாதிரி எதுவானாலும் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, டிரம்மின் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்த வேலை.